நீர்க்கடன்

கோதாவரி டெல்டாவில் ஆற்றில் முழுகி எழுகிற வைதிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. புண்ணிய நதிகளையெல்லாம் நினைத்துக்கொண்டு தலையில் நீரை விட்டுக்கொள்ளும்போது, ஓர் ஆங்கிலேயரின் பெயரையும் கூடவே நினைத்துக்கொள்வார்கள். அவரைப் பகீரதனாகப் பாவித்து ஒரு சமஸ்கிருதச் சுலோகமே இருக்கிறது. அந்த ஆங்கிலேயர் ஸர் ஆர்தர் காட்டன். 1847ல் தொடங்கி 1852ல், தவளேஸ்வரத்தில் கோதாவரிக்குக் குறுக்கே அணைக்கட்டுக் கட்டி முடித்தவர். 1833ல் பஞ்சமும் 1839ல் புயலும் வந்து வாரிக்கொண்டு போன ஜில்லா அது. அணைக்கட்டு வந்த பிறகு அதுவே நெற்களஞ்சியம் ஆயிற்று.

வெள்ளைக்காரர் ஒருவர் சுலோகத்தில் ஏறிவிட்டாரே என்று நான் வியக்கவில்லை. சுலோகம் கட்டுவது நம் நாட்டில் சுலபம். கலெக்டர் மாற்றலாகி வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு வாழ்த்துப்பா பாடிக் கொடுத்த வித்துவான்கள் உண்டு. அந்தப் பெயரை வைத்தார்களே, அந்த இடம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது. சிலையைப் பார்க்க வேண்டுமானால் அதற்காக ஒருவன் புறப்பட்டுப் போக வேண்டும். குளிப்பதற்கோ எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும். தினமும் செய்தே தீரவேண்டிய ஒரு காரியத்தோடு அந்த நினைவை முடிந்துவிட்டார்கள்.

சென்னையில் மன்றோ துரை 1839ஆம் வருஷத்திலிருந்து குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அங்கவடி இல்லாத குதிரை என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டு போகிறோமே தவிர, குதிரைமேல் இருக்கிற மனிதர் குடியானவர்களுக்கு என்ன செய்தார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவர் கலெக்டராக இருந்த ராயலசீமைப் பக்கத்திலோ கதை வேறு. ஆண்பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். சாப்பிடக் கூப்பிடும்போதும், மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லும்போதும், திட்டும்போதும்கூட அந்தப் பெயர் வாயில் வந்துகொண்டே இருந்திருக்கும்.

நன்றி என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கவேண்டும். இன்று அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கீழே விழுந்த பஸ் டிக்கட்டை எடுத்துக் கொடுத்தவருக்கும் நன்றி. கூட்டத்தின் கடைசியில், ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி. பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த நன்மை செய்ந்நன்றி. அதை அறியலாம், மறக்கலாம், நெஞ்சு கெட்டவனாக இருந்தால் கொல்லவும் கொல்லலாம். குறளில் ஓர் அதிகாரத்துக்கே செய்ந்நன்றி அறிதல் என்றுதான் பெயர். அறிதல் என்பது சாமானியமான வேலை இல்லை. யார் செய்தது, எந்த நிலையில் செய்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்று விவரமாகத் தெரிந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மனம் குளிர்ந்து போவது அதற்குப் பிறகுதான்.

நம் குடியானவர்கள் இந்த அறிதலை ஆடு, மாடு, சூரியன், கலப்பை வரைக்கும் கொண்டுபோனார்கள். தைப் பொங்கலில் சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு, ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும். ஏர் பூட்டும் முன்னே மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அவர்களிடம் போய், இது என்ன ஆத்மிக சாதனை என்று கேட்டால் சிரிப்பார்கள். கை அதுவாகப் போகிறது, அவ்வளவுதான்.

இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதை நீர்க்கடன் என்கிறோம். நீரால் கழிக்கிற கடன். நீரைப் பெற்றதற்காகப் பட்டிருக்கிற கடன் என்றும் ஒரு பொருள் வைத்துக்கொண்டால் வித்துவான்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். அந்தக் கடனைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

காட்டனே அப்படி ஒரு கடனை ஒப்புக்கொண்டவர். கோதாவரிக்குப் போவதற்கு முன் அவர் காவேரியில் வேலை பார்த்தார். முக்கொம்பில் இருக்கிற மேலணை, 1836ல் தொடங்கிய அவருடைய வேலை. ஆழம் காணமுடியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பது அந்தக் காலத்து இங்கிலீஷ் என்ஜினீயர்களுக்குப் பெரிய சங்கடம். கல்லணை அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. பெரிய பெரிய கற்களை மணலில் கொண்டுபோய்ப் போடவேண்டியது. அடியில் தண்ணீர் அரிக்க அரிக்கக் கல் இறங்கும். மேலும் கல்லைப் போடவேண்டியது. இறங்குவது எங்கே நிற்கிறதோ அதுதான் அஸ்திவாரம். மேற்கட்டுக்குக் களிமண்ணே போதும். இந்த வித்தையைத் தங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் இந்த நாட்டுப் பழைய மனிதர்கள்தாம் என்று காட்டன் எழுதி வைத்திருக்கிறார். ஆளுகிற இனத்தைச் சேர்ந்த ஓர் உத்தியோகஸ்தர், ஆளப்படுகிறவர்களின் பாட்டன்மார்களைக் குரு என்று ஒப்புக்கொண்டு எழுதினார் என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோதாவரிக்காரர்கள் அவரை நினைத்துக் குளிக்கிறார்கள் என்றால், அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு நம் காவேரிக் கரையில் பெயர் தெரியாமல் கல் உருட்டினவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும்.

இனிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். பெரியாறு நிறைந்து ஓடி அரபிக்கடலில் விழும். இந்தப் பக்கமோ வையை வெறும் மணலாகக் கிடக்கும். மேற்கே போகிற ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்டால் என்ன என்ற எண்ணம் வெள்ளைக்காரர்களுக்கு முதலில் தோன்றியது அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைமேல் ஆள் அனுப்பிப் பார்த்தார். செலவுக்குச் சமஸ்தானத்தில் பணம் இல்லை. 1808ல் கால்டுவெல் என்ற காப்டன் மலையை அளந்து பார்த்து, இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1850ல் சின்ன அளவில் ஒரு வேலையைத் தொடங்கி, காய்ச்சலுக்கும் கூலித் தகராறுக்கும் பயந்து நிறுத்தினார்கள். பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876லிருந்து 1878 வரை சென்னை ராஜதானியில் ஜனங்கள் தெருவோரத்தில் விழுந்து செத்தார்கள். மறந்து கிடந்த காகிதங்களைச் சர்க்கார் தூசி தட்டி எடுத்தது அதற்குப் பிறகுதான்.

1882ல் அந்தக் காகிதங்கள் ஜான் பென்னிகுயிக் கைக்கு வந்து சேர்ந்தன. 1841ல் பூனாவில் பிறந்தவர். எட்டு வயது நிறைவதற்கு முன்பே, சிலியன்வாலா யுத்தத்தில் தகப்பனாரையும் அண்ணனையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். அவர் போட்ட திட்டத்தின்படி 176 அடி உயரத்துக்கு ஓர் அணை. தேங்குகிற தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக, ஒரு மைலுக்கு மேல் இருட்டில் ஓடி, கிழக்குச் சரிவில் வந்து விழவேண்டும். அணையின் உள்ளுடல் சிமிட்டி இல்லை. சுண்ணாம்பும், செங்கல்லைப் பொடி செய்த சுர்க்கியும், கல் ஜல்லியும்தான். இடம் திருவாங்கூர் மகாராஜாவுடையது. 1886 அக்டோபர் 29ந் தேதி குத்தகை எழுதினார்கள்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு ஐந்து ரூபாய், தவணை 999 வருஷம். 999 வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குச் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கவேண்டும்.

1887ல் வேலை தொடங்கிற்று. ஆற்றைத் தடுத்து ஒதுக்குவதற்காகப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போட்டார்கள். மறுபடி போயிற்று. யானை, புலி, அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக மலைக்காய்ச்சல். இந்த இடத்தில்தான் மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. வேலையை நிறுத்திவிட்டு, இது நடக்காத காரியம் என்று அவரும் ஒரு காகிதம் எழுதியிருக்கலாம். அதற்கு முன்மாதிரி இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுதவில்லை. 1895 அக்டோபர் 10ந் தேதி சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்து வைத்தார். மேற்கே போன ஆறு கிழக்கே வந்தது.

அந்தத் தண்ணீரில் முளைத்த நன்றியைக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பார்க்கலாம். வீட்டுச் சுவரில், டீக்கடையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசை வைத்த துரையின் படம். பென்னிகுயிக் என்று பெயர் வைத்த பிள்ளைகள். பாலார்பட்டியில் ஊர் கூடி அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்தது ஜனவரி 15. இப்போதெல்லாம் தைப் பொங்கல் அதே நாளிலோ முந்தின நாளிலோ வந்துவிடுகிறது. பஞ்சாங்கக் கணக்குப் பார்த்தால், அவர் பிறந்த 1841ல் தை மாதப் பிறப்பு இன்னும் மூன்று நான்கு நாள் முந்தியே வந்திருக்கும். எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்து நகர்ந்து பொங்கல் தானாக வந்து அவர் பிறந்த நாளில் உட்கார்ந்துகொண்டது. கதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் வலிந்து பொருத்துகிறார் என்பார்கள். வானசாஸ்திரத்தை யார் குறை சொல்வது?

சர்க்காரும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. 2013 ஜனவரி 15ல் கூடலூருக்கு மேலே லோயர் காம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். 2022ல், அவர் 1911ல் இறந்த இங்கிலாந்துக் காம்பர்லியில் தமிழ்நாட்டின் செலவில் சிலை நிறுவினார்கள். நல்ல காரியங்கள்தாம். ஆனால் பாலார்பட்டிப் பொங்கலுக்கு உத்தரவு எண் கிடையாது. எனக்கு அதுதான் உசத்தி.

அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லுகிற ஒரு கதை இருக்கிறது. வெள்ளத்தில் வேலை அடித்துக்கொண்டு போனபின் சர்க்கார் கையை விரித்துவிட்டது; பென்னிகுயிக் சீமைக்குப் போய்ச் சொத்தை விற்று, மனைவியின் நகைகளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது கதை. மராமத்து இலாகாக் கணக்கிலோ அது வேறு மாதிரி இருக்கிறது. ஏறத்தாழ 80 லட்ச ரூபாயும் சர்க்கார் கஜானாவிலிருந்து போனது.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த நகைக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று புரிகிறது. கஜானாவுக்கு எப்படி ஐயா பொங்கல் வைப்பது? இலாகாவின் படத்தைச் சுவரில் மாட்ட முடியுமா? நன்றி போய் நிற்க ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்கு ஒரு வலி வேண்டும். பெண்டாட்டி கழுத்து நகையைவிடப் பெரிய தியாகம் நம் ஜனங்களுக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரிந்த அளவில் மிகப் பெரியதை அவருக்கு அணிவித்தார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அறிதல் என்று முன்னே சொன்னேனே, அதற்கு இந்தக் கதை குறுக்கே நிற்கிறது. கஜானாப் பணம் என்று வைத்துக்கொண்டால் அடுத்த கேள்வி வரும்: கஜானாவில் இருந்தது யார் பணம்? தஞ்சாவூரிலும் கோயமுத்தூரிலும் பல்லாரியிலும் குடியானவன் கட்டின நிலவரி. தண்ணீர் வந்ததும் தீர்வை வரும் என்று சர்க்காரும் கணக்குப் போட்டுத்தான் செலவு செய்தது. நகையில் நின்றுவிட்டால் இந்தக் கேள்விகள் வருவதில்லை.

இன்னொரு கேள்வியும் வருவதில்லை. அணை வேலையில், முகாமில் நோய் கண்டு செத்தவர்கள் மட்டும் 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. கல் சரிந்தும் வெள்ளத்திலும் போனவர்கள் வேறு. நோயால் செத்தவர்களை அணைக்குச் சற்று வடக்கே புதைத்தார்கள். கூலிக்கு வந்தவர்கள். பஞ்சத்தைப் பார்த்தவர்கள், அல்லது பஞ்சம் பார்த்தவர்களின் பிள்ளைகள். எந்தத் தண்ணீருக்காக மலை ஏறினார்களோ அந்தத் தண்ணீர் இறங்கி வந்தபோது அவர்கள் ஊரில் இல்லை. எண் நமக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வைக்கப் பெயர் ஒன்றும் வந்து சேரவில்லை.

பள்ளத்தாக்கில் ஒரு பெரியவர் வீட்டில், பொங்கலன்று துரையின் படத்துக்கு முன்னால் இரண்டு இலை போட்டிருந்ததைப் பார்த்தேன். ஓர் இலையில் பொங்கலும் கரும்பும் வாழைப்பழமும். மற்றதிலும் அதே அளவு.

"ரெண்டு எலை எதுக்குங்கய்யா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு தொரைக்கு. இன்னொண்ணு, மேல கல்லுச் செமந்து செத்துப்போனாகளே, அவுகளுக்கு. தொரை ஒத்தையிலயா தம்பி கல்லத் தூக்கி வச்சாரு?"

"அவங்க பேரு ஏதாச்சும் தெரியுமாய்யா?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு தெரிஞ்சாத்தான் சோறு போடுவீகளோ?" என்றார்.

அவர் வீட்டில் அது அப்பன் காலத்திலிருந்து வருகிற வழக்கமாம். எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய தகப்பனார் 483 என்ற கணக்கைப் பார்த்திருக்க வழியே இல்லை. இருந்தாலும் இலை போட்டிருக்கிறார்.

வெள்ளைக்காரனுக்குப் படையலா என்று என் நண்பர் ஒருவர் கோபித்துக்கொள்வது உண்டு. நம் பணம், நம் உயிர். பெயர் மட்டும் அவனுக்கா என்பார். அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கஜானாவையும் கல்லறையையும் பற்றி எழுதினேன். மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பஞ்சத்தில் ஜனங்கள் சாகிறபோது தானியத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஆட்சி ஒன்று. அந்த ஆட்சியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, காய்ச்சல் மலையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஆற்றைத் திருப்பிய மனிதர் ஒருவர். இரண்டையும் ஒன்றாக்கி வணங்குவதும் தவறு. ஒன்றாக்கி வைவதும் தவறு. கம்பத்துக் குடியானவன் இதில் குழம்பினதாகத் தெரியவில்லை. அவன் விக்டோரியா மகாராணிக்குப் பொங்கல் வைக்கவில்லை.

மலைக்கு மேற்கே, அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்களுக்கு இதே அணை கவலையாக இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன சுண்ணாம்புச் சுவர் தலைக்குமேல் நின்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2014ல் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. நமக்கு நிலம் கொடுத்தது அவர்கள் சீமை. நம் படையலில் அந்த நினைவும் இருந்தால் பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கத்துக் குரலும் சற்றுத் தணியலாம்.

பழைய கல்வெட்டுகளில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் ஒருவர் ஏரிக்கோ கோயிலுக்கோ தருமம் எழுதி வைத்தால், கடைசியில் ஒரு வாசகம் சேர்ப்பார்: எதிர்காலத்தில் இந்தத் தருமத்தைக் காப்பாற்றி நடத்துகிறவனுடைய பாதங்கள் என் தலைமேல் இருக்கட்டும் என்று. யோசித்துப் பாருங்கள். கொடுத்தவன் ராஜாவாகவும் இருப்பான். காப்பாற்றப் போகிறவன் இன்னும் பிறக்கவே இல்லை. அவன் யார், என்ன ஜாதி, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவன் காலைத் தலையில் வாங்கிக்கொள்ளக் கொடுத்தவன் இப்போதே குனிந்துவிடுகிறான். ஏரி வெட்டினவனுக்கு ஊர் நன்றி சொல்வது போக, வருஷா வருஷம் தூர் வாரப்போகிறவனுக்கு வெட்டினவனே நன்றி சொல்லுகிறான். உத்தரமேரூரில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்த காலத்து மனம் அது. கட்டுவது ஒருநாள் திருவிழா; காப்பது தினசரிப் பாடு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் மாதத்தில் அணையில் போதிய நீர் இருந்தால், முதல் போகத்துக்காகத் தேக்கடியில் மதகு திறக்கிறார்கள். அதிகாரிகளும் விவசாயிகளும் நின்று பூத் தூவுகிறார்கள். பூ மிதந்துகொண்டே போய்ச் சுரங்கத்தின் இருட்டுக்குள் நுழைகிறது. கீழே கூடலூரில் நாற்றங்காலுக்கு மண்வெட்டியோடு ஆள் காத்திருக்கிறது.